பன்னிரண்டு நாற்பது, நிழலில்

வேலைத்தளத்து மஞ்சள் நாடாவைத்தான்
ஒட்டியிருக்கிறார்கள் சிமெண்ட் தரையில்.
உள்ளே வராதே என்று அரபியில்
அடிக்கு ஒரு தரம் அச்சடித்த நாடா.
எட்டு ரோல். ஸ்டோரிலிருந்து நான் கொண்டுவந்தது,
கேட் பாஸ் இல்லாமல்.

அகமதி. ஆலயத்தின் பின்புறம்
கார்கள் நிற்கும் இடம்.
லெந்து காலத்து மூன்றாம் வெள்ளி.
பதினோரு சுற்று என்றார் ஆயர்.
வழி ஒன்றுதான், தப்ப முடியாது;
செருப்பைக் கழற்றுங்கள்,
முந்த வேண்டியிருந்தால் முந்துங்கள்,
பேசாதீர்கள்.
தெற்கே எண்ணெய்க் கிணற்றின் தீ
வானத்தின் அடிவயிற்றைச் சிவக்க வைத்திருந்தது.
வேறு விளக்கு வேண்டாம் என்றுவிட்டார்.

முதல் சுற்றில் சில்லறையைப் போட்டேன்.
இந்த நாடா.
ஆள் அனுப்பும் ஏஜென்ட் தந்த சென்ட் பாட்டில்.
தூங்கிவிட்டேன் என்று மனைவியிடம் சொன்ன,
போனில் சீட்டாடிய இரவுகள்.
காணிக்கைப் பையில் கால் தினார் போடுகிறவன்
கையை ஆழமாக விடுவதுபோல
ஒவ்வொன்றுக்கும் ஆழமாக மூச்சு விட்டேன்.

பாதை நடுவை உரசிக்கொண்டு போனது.
வந்துவிட்டோம் என்று நினைத்தேன்,
இன்னும் நாலே எட்டு.
சட்டென்று திரும்பி
ஓரத்துக்கு, சுவரோரத்துக்கு
என்னைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

எதிரே ரூபவதி, ஃபாஹீல் கிளினிக் நர்ஸ்,
தோளை ஒதுக்கி வழிவிட்டாள்.
உள்ளே போகிறாளா, வெளியே வருகிறாளா
தெரியவில்லை. அழுதாளா, மணற்காற்றா
அதுவும் தெரியவில்லை.
பின்னால் கிரேன் ஓட்டும் அதிசயராஜ்.
குதிகால் வெடிப்பில் நாடாத்துண்டு ஒட்டிக்கொண்டு
எட்டுக்கு ஒரு சர்ரக்.
சிரிப்பு வந்தது. அடக்கினேன்.
அடக்கிய இடத்தில்
மல்லேஷ்.

கரீம்நகர்க்காரன். கம்பி கட்டுகிறவன்.
அவன் பாஷையிலும் அண்ணன், அண்ணன்தான்;
அப்படித்தான் கூப்பிடுவான்.
ஆகஸ்ட். பதினொன்றிலிருந்து நாலுவரை
வெயிலில் ஆள் நிற்கக்கூடாது என்பது சட்டம்.
கான்கிரீட் வண்டி காத்து நிற்கிறது என்பது நிலைமை.
நான் டைம்கீப்பர்.
ரிஜிஸ்டரில் எழுதினேன்:
பன்னிரண்டு நாற்பது, நிழலில்.
இருபத்துமூன்று பேருக்கும் ஒரே கையெழுத்து,
என்னுடையது.
ஒரு மணிக்குள் அவனைச் சாரத்திலிருந்து இறக்கினார்கள்.
உடம்பு அடுப்புக்கல்லாக இருந்தது.
தாகம் என்றுகூட அவன் சொல்லவில்லை.
விசாரிக்க வந்த அதிகாரி என் பக்கத்தைப் பார்த்தார்.
நிழலில் இருந்தவனை வெயில் எப்படி அடிக்கும்?
கம்பெனி டிக்கெட் எடுத்துக் கொடுத்தது.
இப்போது வாரம் மூன்று நாள்
அவன் ரத்தத்தை மெஷின் கழுவுகிறதாம்.

நின்றுவிட்டேன்.
அதிசயராஜ் என்னைச் சுற்றிக் கடந்து போனான்.
நாடாவைத் தாண்டி நாலு தப்படி வைத்தால் கார்.
சாவி பையில்.
யார் கேட்கப்போகிறார்கள்?
கணுக்கால் உயரத்துக்குக்கூடச் சுவர் இல்லை.

நடந்தேன்.
எத்தனையாவது சுற்று என்பது மறந்துபோனது.
மணி எழுதிப் பிழைக்கிறவனுக்கு
மணியும்.

நடுவில் ஒன்றும் இல்லை.
சிலுவை இருக்கும் என்று நினைத்திருந்தேன்,
ஒரு மெழுகுவர்த்தியாவது.
பகலைக் குடித்த சிமெண்ட்,
பாதத்தின் கீழே இன்னும் சூடு.
மண்டியிட்டு உள்ளங்கையை வைத்தேன்.
ஆண்டவரே என்றேன். மேலே வரவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து வந்தது இதுதான்:
பன்னிரண்டு நாற்பது, வெயிலில்.

வெளியே போகவும் அதே பாதை,
அதே பதினோரு சுற்று.
இதை யாரும் முன்னால் சொல்லவில்லை.
ஒரு திருப்பத்தில் காற்று நாடாவைக் கிளப்பியிருந்தது;
பெருவிரலால் அழுத்தி ஒட்டினேன்.
முடிகிற இடத்தில் ஆயர்
எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.
வாங்கிக் கையில் வைத்திருந்தேன்.

நாளைக் காலை ஆறு மணிக்கு ஆபீஸ் திறக்கும்.
ஆகஸ்ட் ரிஜிஸ்டர்
இரும்பு அலமாரியில் மூன்றாம் தட்டில்.
அதன் சாவியும்
கார் சாவியோடு ஒரே வளையத்தில்.