சார்ந்திருப்போர் எண்ணிக்கை

மூன்று வருடம் செயலியில்தான் போட்டேன்.
இரவு பத்தரைக்கு, பாத்திரம் கவிழ்த்த பிறகு,
கட்டிலில் சாய்ந்தபடி.
நல்ல பிள்ளை அது, அதட்டாது.
படிவம் பதினாறைக் காட்டினால் தானே படித்துக்கொள்ளும்.
வீட்டுக்கடன் வட்டியைத் தானே கூட்டும்.
பழைய முறையா புதிய முறையா என்று
இரண்டு பச்சைக் கட்டங்களை
எதிரெதிரே நிறுத்தும்.

உங்களைச் சார்ந்து மாற்றுத்திறனாளி எவரேனும்?
ஆம். இல்லை.
இல்லை.

பக்கத்து அறையில் மாசிலாமணி
மின்விசிறியோடு வழக்காடிக்கொண்டிருந்தான்.
பதினோரு நிமிடத்தில் முடித்தீர்கள், வாழ்த்துகள் என்று
திரை முழுக்க வண்ணக் காகிதம் தூவியது.

நான்காம் வருடம் நோட்டீஸ் வந்தது,
மறந்துபோன ஒரு வைப்புநிதி வட்டிக்காக.
திருத்துறைப்பூண்டி ரயிலடியில்
உரக்கடைக்கு மேல் நசீமா பர்வீன்.
யூரியா வாடையும் கூடவே படியேறியது.
அவள் கணினியிலும் அதே மாதிரிக் கட்டங்கள்தான்.
இதற்கா ஆயிரத்து ஐந்நூறு?
செயலிக்கு முந்நூறு.
கணக்கு டீச்சருக்குக் கழித்தல் தெரியும்.

நோட்டீசை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டாள்:
"வீட்ல எத்தனை பேருக்கு உலை வைக்கிறீங்க?"
"ரெண்டு."
"ரெண்டாவது ஆள் யாரு?"

ஜூலை கடைசி.
கல்லணையில் திறந்த தண்ணீர்
எங்கள் கடைமடைக்கு இன்னும் வரவில்லை.
மதகு தானாகத் திறக்காது,
லஸ்கர் வந்து திருகைச் சுற்றவேண்டும்.
லஸ்கருக்கு யார் வயல் எவ்வளவு காய்கிறது என்று தெரியும்.
அதுதான் சங்கடம்.
இந்த ஊரில் ஒரு சொல்
நாம் படியிறங்குவதற்குள்
பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருக்கும்.

செயலி ஏன் என்று கேட்டதில்லை.
அதனிடம் பொய் சொன்னால்
அதற்கு முகம் மாறுவதில்லை.
ஆம் என்று தொட்டால்
அரசாங்கக் கணினியில் என்றைக்கும் கிடக்குமே என்ற பயம்.
இல்லை, அதுகூட இல்லை.
ஆம் என்றால் ஆம் ஆகிவிடும் என்று.

"தம்பி" என்றேன்.
"வேலைக்குப் போறாரா?"
"போனான். கூட்டுறவு வங்கியில. கேஷியர்."
அதற்குமேல் அவள் கேட்கவில்லை.
பழைய ரசீதின் முதுகில் எழுதினாள்:
எழுபத்தையாயிரம் கழிவு.
மிச்சமாகும் வரி பதினையாயிரத்து அறுநூறு.
"மூணு வருஷத்துக்கு நீங்களே பெருக்கிப் பாருங்க"
என்று தாளை என் பக்கம் தள்ளினாள்.
பெருக்கினேன்.
அந்தத் தொகைக்கு எத்தனை அட்டை மாத்திரை என்று
மறுபடி வகுத்தேன்.

சான்றிதழுக்குத் திருவாரூர் ஆஸ்பத்திரி.
நான்கு மணிநேர வரிசை.
டாக்டர் அவனிடம் இன்றைய கிழமை கேட்டார்,
நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்.
கிழமை தப்பு.
கழித்தலில் இரண்டுவரை நிற்காமல் போனான்,
போதும் என்று சொன்ன பிறகும்.
அறுபது சதவீதம் என்று முத்திரை விழுந்தது.

திரும்பும் பஸ்ஸில்,
ஆலத்தம்பாடி தாண்டும்போது,
தாளைப் பார்த்துக் கேட்டான்:
"மீதி நாற்பது?"

செயலியில் அதற்குக் கட்டம் இல்லை.
நசீமாவிடமும் இல்லை.

சனிக்கிழமை அவனையும் கூட்டிப்போனேன்.
நாற்காலி நுனியில் உட்கார்ந்து
திரையையே பார்த்துக்கொண்டிருந்தவன்
"எல்.ஐ.சி. ரெண்டு தடவை வந்திருக்கு" என்றான்.
நசீமா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள்.
வந்திருந்தது.
ஒன்றும் பேசாமல் ஒன்றை அழித்தாள்.
பிறகு, என்னிடம் அல்ல, அவனிடம்,
"வேற எதுவும் இருக்கா, பாருங்க சார்" என்றாள்.

என் கைப்பேசிக்கு ஓடிபி வந்தது.
கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.
ஆறு எண்களையும் அவன்தான் வாசித்தான்,
பணம் எண்ணிக் கொடுக்கும் குரலில்.