வாடகைக்கு

பதினொரு மணிக்கு வேலைக்கு ஆள் வந்துவிடும்,
என் தலைமாட்டுக்கு நேர் மேலே.
இரவு முழுக்கத் துறைமுகத்தில்
கொள்கலன் இலக்கங்கள் வாசித்த கண்ணை
அப்போதுதான் மூடியிருப்பேன்.
கிர்ர்ர்.
கொஞ்சம் ஓய்வு.
கிர்ர்.
எழும்பிப் பார்த்தால் யன்னல் விளிம்பில்
அரித்தெடுத்த கடலை மாபோல்
மஞ்சள் தூள்.

கருவண்டு.
பெருவிரல் நுனியளவு உடம்பு,
வெயில் பட்டால் நீலம் மினுங்கும் செட்டை.
கூரை வளையில் அது போட்ட ஓட்டை
கவராயம் வைத்து வரைந்தது மாதிரி.

தெஹிவளை முழுக்கக் கேட்கும் குரலில்
மாடியிலிருந்து மிஸிஸ் கெலார்ட் சொன்னா:
"இந்த வீட்டில் வாடகை தராமல் இருக்கிறது
அது ஒன்றுதான். மருந்து அடியும்."

காலி வீதி ஹாட்வெயாரில்
சிவப்பு ரின் ஒன்று. எழுநூற்றைம்பது ரூபாய்.
மூக்கைப் பொத்திக்கொண்டு அடித்தேன்.
ஒன்று விழுந்தது.
மல்லாக்கக் கிடந்து
கனநேரம் ஒற்றைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தது.
மற்றவை போய்விட்டன.
இரண்டு கிழமை
செத்தவன்போல் நித்திரை கொண்டேன்.

பாஷன் கொடியை மறந்திருந்தேன்.
கேற்றடிக் கம்பியில் நானே ஏற்றிவிட்டது.
அதன் பூவும் என்னைப்போல, காலையில் எழும்பாது.
மத்தியானம் பன்னிரண்டுக்கு மேல் விரியும்,
நான் வேலையில் ஏறும்போது சுருங்கிவிடும்.
முப்பத்திரண்டு பூ எண்ணினேன்.
முப்பத்திரண்டும்
காம்போடு சீமெந்தில் விழுந்தன.

பெயின்ற் தூரிகை ஒன்றால்
நானும் வண்டாகிப் பார்த்தேன்.
சாரத்தோடு, கொட்டாவியோடு,
மகரந்தம் தொட்டு, தடவி, தொட்டு, தடவி.
தெருவில் போன லொத்தர் சீட்டுக்காரன்
சைக்கிளை நிறுத்திப் பார்த்தான்.
ஒரு பிஞ்சும் இல்லை.

வளையை மாற்ற ஜினதாச பாஸ் வந்தார்.
ஏணியில் நின்று
காதை மரத்தில் வைத்தார்,
டொக்டர் நெஞ்சில் குழல் வைக்கிறமாதிரி.
"உள்ளுக்குப் பிள்ளைகள் இருக்கு மாத்தயா.
இது மரம் தின்னாது. கடிச்சுத் துப்புது, அவ்வளவுதான்.
வளை இன்னும் பத்து வருசம் நிக்கும்.
முகத்துக்கு நேரே வந்து முறைக்குதே, அது ஆம்பிளை.
அவனுக்குக் கொடுக்கு இல்லை.
கொடுக்கு உள்ளவளுக்கு
எங்களோட சண்டை பிடிக்க நேரம் இல்லை."

பிறகு தூரிகையைப் பார்த்துச் சிரித்தார்.
தன் பூவின் தூள் தனக்கு ஆகாதாம் இந்தக் கொடிக்கு.
வேறு கொடியில் இருந்து வரவேணும்.
விரல் நீட்டினார்:
போத்தல் ஓடு பதித்த மதிலுக்கு அப்பால்
பௌமியா ரீச்சர் வீட்டுப் பந்தல்.

கான் தண்ணீர்த் தகராறுக்குப் பிறகு
அந்த வீட்டோடு எனக்குக் கதைபேச்சு இல்லை.
இவ்வளவு காலமும் நான் கரைத்துக் குடித்த
ஒவ்வொரு பழத்துக்கும்
தகப்பன் அந்தப் பக்கம்.

பாஸ் சொன்னபடி செய்தேன்.
குஞ்சுகள் வெளியேறும்வரை பொறுத்தேன்.
பிறகு மெழுகும் மரத்தூளும் குழைத்து அடைத்து
வளைக்கு இரண்டு தரம் பெயின்ற் அடித்தேன்.
பூசாத முருக்கங் கட்டை ஒன்றை
கொடிக்குப் பக்கத்தில் மதிலில் கட்டினேன்.
ரின்னில் மிச்சம் கிடந்ததை
என்ன செய்வதென்று தெரியவில்லை.
இன்னும் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது.

முருக்கங் கட்டைக்கு ஒருத்தி வந்தாள்.
சுற்றிப் பார்த்தாள். தட்டிப் பார்த்தாள்.
தண்ணி வசதி எப்படி என்று கேட்காத குறை.
போய்விட்டாள்.

நேற்று வேலை முடிந்து வருகிறேன்.
மாடி அறைக்காக மிஸிஸ் கெலார்ட்
கேற்றடியில் நட்டிருக்கிறா
"வாடகைக்கு" என்று ஒரு பலகை.
பலகையின் காலில்,
பச்சை மரத்தில், முழங்கால் உயரத்தில்,
கவராய வட்டம்.
நிலத்தில் புதுத் தூள்.

"அது என்ன சத்தம்?" என்றா மேலிருந்து.

"துறைமுகத்தில் கிரேன்" என்றேன்.
தெஹிவளைக்குக் கேட்குமா என்று
அவ யோசிப்பதற்குள்
உள்ளே வந்து கதவைச் சாத்தினேன்.

கொடியில் மூன்று பிஞ்சு.