குழாய் கழுவுகிறவள்

காலை ஒன்பது மணிக்கு மதுக்கடை என்பது
மேஜைமேல் கவிழ்த்த நாற்காலிகள்தான்.
கால்கள் மேலே, அடியில் ஒட்டிய பழைய சூயிங்கம்.
ஜிடெனிட்ஸேயில் ட்ராமை விட்டிறங்கி
காரத்தண்ணீர் உருளையை உருட்டிக்கொண்டு வருகிறேன்.
ப்ர்னோ நகரமே பியரை நாக்கால் அறியும்,
நான் தொண்டையால்.
என் தொண்டை இல்லை, கடைகளின் தொண்டை.

ஸ்டேஷன் பின்னால் "பாதிரி மீசை".
அங்கே குளிர்பெட்டிமேல் ஒரு நாய் தூங்கும்.
அதை எழுப்பக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்,
நாயைச் சுற்றித்தான் கழுவவேண்டும்.

"மூன்று லாட"த்தில் எனக்கு வேலையே கிடையாது.
ஸ்பினியெக் வாராவாரம் தானே கழுவிவிடுவான்.
இருந்தும் வரச்சொல்லிக் கையெழுத்துப் போட்டு
வெறும் நுரையாய் ஒரு கோப்பை நீட்டுவான்.
இங்கே அதற்குப் பெயர் பால்.
காலையில் பால் குடிக்காதவர் உண்டா, என்பான்.

"நொண்டி நாரை"தான் விவகாரம்.
நிலவறைக்குப் பதினெட்டுப் படி, ஒன்பதாவது உடைந்தது.
பிளாஷெனா இரண்டு வருஷமாய் என்னைக் கூப்பிடவில்லை.
"கழுவினால் காசு, கழுவாவிட்டால் ருசி."
சோதனைக்காரன் வருகிறான் என்றதும் போன் அடித்தாள்.
வாளியில் வந்து விழுந்ததைச் சொல்ல வேண்டாம்,
ஏரியடியில் கிடந்த கயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.
மூன்று முறை ஓட்டினேன். நாலாம் முறை
தண்ணீர் தண்ணீராகவே வந்தது.

அன்றிரவு, வழக்கமில்லாமல், குடிக்கப் போனேன்.
சுவரோர மேஜையில் நால்வர், சீட்டைப் பிரிக்காமல்
கோப்பையை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார்கள்,
பெண் மாறிவிட்டதோ என்று முழிக்கும்
மாப்பிள்ளை வீட்டார் போல.

"பீப்பாய மாத்திட்டியா பிளாஷெனா?" கேட்டவர் ஹினெக்,
ட்ராம் தண்டவாளம் பற்றவைக்கிறவர்,
புருவத்தில் தீப்பொறித் தழும்பு.
"அதே பீப்பாய்தான்."
"அப்ப இது யாரோ வீட்டு பியர்."
லுபோர் முகர்ந்தான். "கடைசியில ஒரு புளிப்பு வருமே,
ஈரச் சாக்கு மாதிரி,
அது எங்க?"

அந்தப் புளிப்பைத்தான் அவர்கள்
நம்ம கடை ருசி, நம்ம கடை ருசி என்று
அடுத்த தெருவரை பெருமை பேசியிருக்கிறார்கள்.
ஊரின் மறுகோடியிலிருந்து மச்சானைக் கூட்டிவந்து
குடிக்கவைத்தாராம் ஹினெக்.
மச்சான் ஒன்றும் சொல்லவில்லையாம்.
நல்ல மனிதன்.

காடியில் ஊறிய தொத்திறைச்சியைக் குத்திக்கொண்டிருந்தேன்.
இந்த ஊரில் அதற்குப் பெயர் மூழ்கிச் செத்தவன்.
வெங்காயத்தோடு அவனைத் தின்றபடி
நாலு தரம் வாயெடுத்தேன்:
ஐயா, அது ருசியில்லை, அழுக்கு.
நாலு தரமும் வெங்காயத்தையே விழுங்கினேன்.

ஆனாலும் குடித்தார்கள்.
முதல் கோப்பை முணுமுணுப்பில் போனது,
இரண்டாவதில் சீட்டு பிரிந்தது,
மூன்றாவதில் நுரை கண்ணாடியில்
வளையம் வளையமாய்த் தங்கியதைக் கண்டுபிடித்தார்கள்,
ஒரு வாய்க்கு ஒரு வளையம்.
லுபோருக்கு ஒன்பது.
ஹினெக்குக்கு ஐந்து. பெரிய வாய்.
உடனே அதன்மேல் ஒரு பந்தயம்.

பிளாஷெனா என்னைத் தெரிந்ததாகவே காட்டவில்லை.
காதில் பென்சில், முகத்தில் ஒன்றுமில்லை.
என் கணக்குச் சீட்டில் ஒரு கோடு இழுத்தாள்,
போகிற போக்கில் இன்னொன்று.
நான் குடித்தது ஒன்றுதான்.
ஹினெக்கின் கோடு என் சீட்டில் ஏறியிருந்தது.
தவறா, தண்டனையா, தெரியவில்லை.
கொடுத்துவிட்டு எழுந்தேன்.

கடைசி ட்ராமில் நானும்
தூங்கி வழியும் ஒரு ரொட்டிக்காரனும்.
சர்ச் முனை வளைவில் எப்போதும் ஒரு குலுக்கல் வரும்,
கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.
வரவில்லை.
யாரோ அந்த இணைப்பைப் பற்றவைத்திருக்கிறார்கள்.
எந்த வாரம் என்று
எனக்கும் தெரியாது.