பிப்ரவரியின் கடைசிச் சனிக்கிழமை

சராசரி பொய் சொல்லும் என்றேன் சுல்மாவிடம்.
நாளுக்கு நானூறு பில் என்கிறது அவள் நோட்டு.
எனக்கு வேண்டியது
பள்ளி திறப்பதற்கு முந்தைய சனி, காலை பதினொன்று:
சால்த்தோ கடையின் வரிசை நடைபாதைக்கு வழியும்,
வெள்ளை அங்கி, நீல நாடா, வண்ணப் பென்சில்,
அம்மாக்களின் கையில் கசங்கிய பட்டியல்.
அந்த நொடியில் எத்தனை விரல்
ஒரே விசையைத் தட்டும்?

நான்கு ஊர். பதினொரு கல்லா.
கணக்கர் இல்தெஃபோன்சோ தனிக் கணக்கு:
அறிக்கையைத் திறப்பார், மூடவே மாட்டார்.
அவருக்கென்றே எட்டு ஜிபி எழுதினேன்.

மொந்தெவிதேயோ விற்பனையாளன் காட்டியது
ஒரு வங்கிக்கே போதுமான யந்திரம்.
விரலுக்குத் தகுந்த வீக்கம் போதுமப்பா.
வேகமான வட்டு இரண்டு,
ஒன்று செத்தால் மற்றது
சத்தமில்லாமல் தோள் கொடுக்க.
யுபிஎஸ் கட்டாயம். ஆற்றங்கரை மின்னலுக்கு
வியாபார நேரம் தெரியாது.
ஃபிராய் பெந்தோஸில் இணைப்பு அறுந்தால்
கல்லா தன் நினைவிலேயே பில் போடட்டும்,
சாயங்காலம் வந்து ஒப்பிக்கட்டும்.

கூட்டி, அடிக்கோடிட்டு, நீட்டினேன்.
சுல்மா பேனாவை வாங்கி
நான்கை மூன்றாக்கினாள்.

பேஷா உனியோனை மார்ச்சில் மூடுகிறேன்.
பாலம் தாண்டினால் பிரேசில்,
நோட்டுப் புத்தகம் பாதி விலை.
நெலிதாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மறுபடி கணக்கு.
இரண்டு கல்லா கழித்தேன், கொஞ்சம் நினைவகம்,
விலையும் இறங்கியது, நல்ல இறக்கம்தான்.

பிறகு தேதியைப் பார்த்தேன்.
அந்தச் சனிக்கிழமை பதினொரு மணிக்கு
நெலிதா கல்லாவில்தான் இருப்பாள்,
பென்சில் பெட்டியை ஸ்கேன் செய்துகொண்டு.

மூன்றை அடித்து
நான்கு என்று எழுதினேன்.