பதினெட்டரையாம் வருடம்

பூம்பாறை கூட்டுறவுச் சங்கத்தில்
கரண்ட் இருந்த முக்கால் மணி நேரத்தில்
பன்னிரண்டு வருடப் பூண்டு விலையைப்
புள்ளிகளாக வைத்து
ஊடே ஒரு கோடு இழுத்தேன்.

வடுகபட்டிச் சந்தைச் சீட்டுகளில் இருந்த விலை.
சிலதில் மழை பட்டு
ஏழா ஒன்றா தெரியவில்லை.
ஏழென்றே எடுத்துக்கொண்டேன்,
கடன் கேட்பவர்கள் பக்கம் நின்று.

நேராக எதுவுமே இல்லாத ஊர்.
சாலை வளைகிறது, வயல் படிபடியாய் இறங்குகிறது,
மேகம்கூடச் சன்னல் வழியாகக் குறுக்கே வருகிறது.
இந்தக் கோடு மட்டும்
வருடத்துக்குப் பதினொன்றரை ரூபாய் வீதம்
மூச்சு வாங்காமல் ஏறுகிறது.

எந்தப் புள்ளிமேலும் அது படவில்லை.
எல்லா வீட்டுக்கும் பொதுவாகப் போய்
எந்த வாசலிலும் நிற்காத பஸ் மாதிரி.
நிச்சயமாகத் தொடுவது ஒரே ஓர் இடம்:
சராசரி வருடத்தின் சராசரி விலை.
இரண்டாயிரத்துப் பதினெட்டரை,
நூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.
பதினெட்டரை என்றொரு வருடத்தில்
இங்கே யாரும் பூண்டு நட்டதில்லை.
பதினெட்டு முடியுமுன் கஜா வந்து மரம் சாய்த்தது,
பத்தொன்பதில் கூரை மாற்றினார்கள்.
நடுவில் எதுவும் இல்லை.

விளையாட்டாகப் பின்னால் நீட்டிப் பார்த்தேன்.
இரண்டாயிரத்து எட்டில்
கோடு தரைக்குக் கீழே போய்விடுகிறது.
அந்த வருடம் பூண்டையும் கொடுத்து
கிலோவுக்கு எட்டேமுக்கால் ரூபாயும்
வியாபாரிக்குக் கொடுத்தோமாம்.
“குடுத்திருப்போம்” என்றார் குழந்தையம்மாள்,
சிரிக்காமல்.

ஒண்ணேகால் ஏக்கர்.
விதைப்பூண்டுக்கு நாற்பதாயிரம் கேட்டு வந்தவர்.
திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.
கோட்டைப் பார்க்கவே இல்லை,
புள்ளி புள்ளியாக விரல் வைத்தார்.
இது காட்டுமாடு வேலிய முறிச்ச வருசம்.
இது வடக்கத்திப் பூண்டு லாரி லாரியா எறங்குனது.
இதுல சங்கிலி வச்சேன், இன்னும் திருப்பல.
மேலே தனியாக நின்ற ஒன்றில்
விரல் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.
அப்பத்தான் மூத்தவ நர்சிங் சேந்தா.

கோட்டுக்கும் புள்ளிக்கும் நடுவே விட்டுப்போகும் தூரத்துக்கு
எச்சம் என்று பேர்.
கூடியதும் குறைந்ததும்
ஒன்றையொன்று தின்றுவிடாதபடி
வர்க்கமாக்கிக் கூட்டி,
அந்தத் தொகை ஆகக் குறைகிற இடத்தில்
கோட்டை நிறுத்த வேண்டும்.
பள்ளிக்கூடத்தில் எச்சம் என்றால்
முடியாமல் நிற்கும் வினை.
நட்டு, காத்து, விற்று, கட்டி,

“அடுத்த வருசத்துக்கு என்ன சொல்லுது?”
நூற்று எண்பத்தாறேமுக்கால்.
“அறுபது எங்க இருக்கு?”
காட்டினேன்.
அச்செடுத்த தாளை இழுத்து
என் பென்சிலால் அங்கே ஒரு புள்ளி வைத்தார்,
கோட்டுக்கு வெகு கீழே.
“இங்க வந்து நின்னாலும் கட்டிருவேன்.
இதுக்கும் கீழ போச்சுன்னா
நீங்கதான் ஏறி வரணும்.”

படிவத்தில் எதிர்பார்க்கும் விலைக்கான கட்டம்
மூன்று இலக்கம்தான் கொள்ளும்.
நூற்று எண்பத்தேழு என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.

கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட இரவில்
பென்சில் புள்ளியையும் சேர்த்துக் கணக்கை ஓட்டினால்
பதினொன்றரை
ஏழேகால் சொச்சத்துக்கு வந்துவிட்டது.
நடக்காத ஒரு வருடம்
நடந்த பன்னிரண்டையும் பிடித்து இழுக்கிறது.

சேமிக்கவா என்று கேட்கிறது கணினி.
யார் வீட்டிலோ
பூண்டுக்குப் புகை போட்டிருக்கிறார்கள்.
கண் எரிகிறது.