கால் மில்லிமீட்டர்

சாவி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை,
வளைத்த கம்பி, ஒரு ஊக்கின் நீளம்.
அண்ணத்து நடுவில் திருகின் துளையில் நுழைத்து
பல்லிலிருந்து தொண்டைப் பக்கம் தள்ள வேண்டும்.
ஒரு தள்ளுக்குக் கால் மில்லிமீட்டர்.
இரவுக்கு ஒன்று. இருபத்தெட்டு இரவு.

எனக்குக் கை நடுங்கும் என்றேன்
(மெஷினில் ஊசி கோக்கிற கைதான்).
அதனால் அவள் அப்பா வந்தார்,
நெல்லித்தோப்பில் வேலை முடித்து
கன்னியக்கோயிலில் பஸ் நின்று நின்று
முதுநகர் வந்து சேர எட்டரை.
விருந்தாளி மாதிரி தண்ணீர் கேட்டுக் குடிப்பார்.

எழிலி பாயில் மல்லாந்து வாய் திறப்பாள்.
நான் செல்போன் டார்ச் பிடிப்பேன்.
இரண்டு தலை ஒரு வாய்க்குள் குனிந்திருக்கும்.
மூன்று வருஷத்தில்
நாங்கள் சேர்ந்து குனிந்தது அதற்குத்தான்.

மூக்குத்தண்டு வலிக்கிறது என்றாள் முதலில்.
ஒன்பதாம் நாள் முன்பல் இரண்டுக்கும் நடுவே
ஓர் அரிசி நிற்கிற சந்து.
நாக்குக்கு மேலே போய்த் தொட இடமில்லை,
ழ போச்சு, ட போச்சு, ண போச்சு.
கண்டக்டரிடம் "கதலூர் ஒன்னு" என்றாள்.
யாராவது பேர் கேட்டால்
நோட்டு அட்டையைத் திருப்பிக் காட்டினாள்.

மூன்றாம் மாதம், புதுச்சேரி ஆஸ்பத்திரியில்
மார்த்தா டாக்டர் பழைய அச்சையும் புதியதையும்
மேசையில் வைத்து அளந்தார்.
காட்டியது கீழ்வரிசையை.
உள்ளே சாய்ந்து கிடந்த கடைவாய்ப் பற்கள்
நிமிர்ந்து நின்றன,
ஒன்றரை மில்லிமீட்டர் அகன்று.

"கீழ நாங்க கையே வைக்கலை" என்றார்.
"மேல குறுகலா இருந்ததால இதுவும் ஒடுங்கியிருந்துச்சு.
மேல வழி விட்டதும்,
கடி மாறும், நாக்கும் தள்ளும்,
தானா நிமிர்ந்துக்கும்."

"அப்படியே இருக்குமா?" கேட்டது அவள் அப்பா.
"சிலருக்கு நிக்கும். சிலருக்குத் திரும்பிடும்.
வருஷம் போனாத்தான் சொல்ல முடியும்."

சாவி வேலை எப்போதோ முடிந்துவிட்டது.
எலும்பு நிறைகிற வரை
திருகு சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான்.
சும்மா இருக்கிற திருகைப் பார்க்க
வியாழக்கிழமை தோறும் வருகிறார்.
டார்ச் அடிக்கிறேன்.
"இருக்குது" என்கிறார்.

நேற்று உலைக்கு அரிசி அளந்துகொண்டிருந்தேன்.
பின்னால் நின்ற எழிலி
"மூணு ஆழாக்கா?" என்றாள்.
ழ சுத்தமாக விழுந்தது.