பதினோரு எறும்புகள், ஒரு சுவர்க்கோழி

நான் கணக்கு வாத்தியார்.
திரை இழுக்கத்தான் வந்தேன்.
பட்டியலில் எறும்பு பதினொன்று,
மேடையில் பன்னிரண்டு. கணக்கு உதைக்கிறது.
யாருடைய தங்கையோ
கறுப்புக் காலுறையைத் தலையில் மாட்டிக்கொண்டு
வரிசையில் நுழைந்துவிட்டது.

சிலோயே தீவில் ஜூலை என்றால் மழை.
சால்மன் ஆலையின் வலைத்தொப்பிகள்தாம்
இங்கே தட்டான்களுக்குக் கண்.
நீலக் கையுறை விரல்களில் பஞ்சு திணித்தால்
கம்பளிப்பூச்சிக்குக் கால்.
மின்மினியின் முதுகில் டார்ச்;
பேட்டரி ஒத்திகையோடு சரி.

மூன்றாம் காட்சி.
எலெயுத்தேரியோ தனியாகப் பாட வேண்டும்.
வாயைத் திறந்தான்,
தகரக் கூரைமேல் கொட்டியது வானம்.
உதடு அசைகிறது, பாட்டைக் காணோம்.
பியானோவில் ஒத்திலியா டீச்சர்
அதே நாலு கட்டையை மறுபடி, மறுபடி.
"சத்தமா!" என்று கத்தினேன்.
எனக்கே கேட்கவில்லை.

பையன் வாயை மூடிக்கொண்டான்.
அழப்போகிறான் என்று
கயிற்றைப் பிடித்தேன்.

அவனோ முதுகுச் சிறகுகளை முன்னால் இழுத்து,
மீன்தீவனச் சாக்கில் வெட்டிய சிறகுகள்,
ஒன்றன்மேல் ஒன்றை உரசினான்.
கர்ரக். கர்ரக்.
மழையைக் கிழித்துக்கொண்டு வந்தது.
சுவர்க்கோழிக்குத் தொண்டையில் என்ன வேலை?

எறும்புகள் பலகைத் தரையை மிதிக்கத் தொடங்கின.
பன்னிரண்டாவது மட்டும்
தன் இஷ்டத்துக்கு ஒரு தாளம்.

கடைசி வரிசையில்
ஷிப்ட் முடிந்து ரப்பர் பூட்ஸோடு நின்ற அவன் அம்மா
வாயைப் பொத்திச் சிரித்தாள்.
செவ்வாய்க்கிழமை காணாமல் போன சாக்கு
எங்கே போனதென்று
அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

கயிறு இன்னும் என் கையில்.
எப்போது மூட வேண்டும் என்று
குறித்து வைத்த தாள்
ஒழுகலில் நனைந்துவிட்டது.